தண்ணி ரிப்போர்ட்டுல "வரம்புக்குள்"னு வந்துட்டா, குளத்து மீனுக்குக் கன உலோகத்தால பாதிப்பு இல்லைன்னு அர்த்தமா?

#1 குளத்தங்கரை

வணக்கமுங்க. கோயமுத்தூர்க் குளங்கள்ல மீன் குத்தகை எடுக்கறவங்க கையில பெரும்பாலும் இருக்கறது ஒரே ஒரு தண்ணி ரிப்போர்ட்டுதான். அதுல இந்த மாதிரி எண்கள் இருக்கும்: செம்பு 0.04, துத்தநாகம் 0.3, ஈயம் 0.05-க்குக் கீழ், காட்மியம் 0.01-க்குக் கீழ், மொத்தக் குரோமியம் 0.05-க்குக் கீழ், எல்லாமே லிட்டருக்கு மில்லிகிராம். கடினத்தன்மை (தண்ணியில கரைஞ்ச கால்சியம், மக்னீசியம் அளவு) 300. கடைசிக் கட்டத்துல "அனைத்தும் வரம்புக்குள்"னு எழுதியிருக்கும். இதை நம்பிக் கட்லா, ரோகு குஞ்சு விடலாமுங்களா? மீன் உயிரோட இருக்கும்ங்கறது வேற. அது நல்லா வளருமா, சாப்பிடத் தகுதியா இருக்குமாங்கறதுதான் கேள்வி.

#2 ஆய்வுமேசை

எந்த வரம்பு என்பதை முதலில் பாருங்கள். இப்படிப்பட்ட ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலும் கழிவுநீரை நீர்நிலையில் விடுவதற்கான தரத்தைத்தான் பக்கத்தில் போட்டிருப்பார்கள். 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரம் அது: செம்பு 3, துத்தநாகம் 5, நிக்கல் 3, மொத்தக் குரோமியம் 2, ஆறிணைதிறன் குரோமியம் (குரோமியம்-6) 0.1, ஈயம் 0.1, காட்மியம் 2, பாதரசம் 0.01 (மி.கி./லி). ஆலையின் குழாய் வாயில் இருக்க வேண்டிய அளவு இது. நிறையத் தண்ணீர் ஓடும் ஆற்றில் போய்க் கலந்து நீர்த்துவிடும் என்ற கணக்கில் போடப்பட்டது. மீன் அதற்குள்ளேயே வாழும் என்று யாரும் கணக்குப் போடவில்லை.

மீனுக்கும் அதன் இரைக்கும் நீண்ட நாள் பாதிப்பில்லாத அளவு வேண்டுமென்றால், அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் நன்னீர் அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். அதில் பெரும்பாலான உலோகங்களுக்குக் கடினத்தன்மையைப் பொறுத்து எண் மாறும். 100 கடினத்தன்மையில் செம்பு 9, துத்தநாகம் 120, நிக்கல் 52, ஈயம் 2.5, காட்மியம் 0.72. குரோமியம்-6 எந்தத் தண்ணீரிலும் 11. இவை லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கு, மில்லிகிராம் அல்ல (ஒரு மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம்).

உங்கள் ரிப்போர்ட்டின் 300 கடினத்தன்மைக்கு அந்தச் சூத்திரத்தைப் போட்டால் செம்புக்குச் சுமார் 23 வருகிறது. ரிப்போர்ட்டில் இருப்பது 40. துத்தநாகத்துக்கு வரம்பும் 300, ரிப்போர்ட்டும் 300.

இதைவிட முக்கியம் அந்த "க்குக் கீழ்". காட்மியம் 0.01-க்குக் கீழ் என்றால் 10 மைக்ரோகிராமுக்குக் கீழ் எதையும் அந்தக் கருவியால் பார்க்க முடியவில்லை என்றுதான் பொருள். 300 கடினத்தன்மையில் மீனுக்கான வரம்போ சுமார் 1.6. ஈயத்தைக் கருவி 50-க்கு மேல்தான் பார்த்திருக்கிறது, வரம்பு சுமார் 8. தீச்சுடர் முறை அணு உறிஞ்சல் கருவியில் செய்த சோதனையாகத்தான் இருக்கும். காட்மியத்துக்கும் ஈயத்துக்கும் கிராஃபைட் உலை முறையோ ஐசிபி-எம்எஸ் கருவியோ வேண்டும். காசு கட்டும்போதே "கண்டறியும் குறைந்த அளவு என்ன?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் "கண்டறியப்படவில்லை" என்று வந்தால் அந்த வரியை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

#3 நொய்யல்வாசி

> நிறையத் தண்ணீர் ஓடும் ஆற்றில் போய்க் கலந்து நீர்த்துவிடும் என்ற கணக்கில்

நம்ம ஊர் விவகாரமே இந்த இடத்துலதான் இருக்குங்க. வெள்ளியங்கிரி மலையில பொறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர்ன்னு சுமார் 180 கிலோமீட்டர் போய்க் காவிரியில சேர்ற ஆறு நொய்யல். மழை மாசம் போக மீதி நாள்ல மலைத்தண்ணி நகரத்தைத் தாண்டறதே இல்லை. அதுக்குக் கீழ ஓடறது ஊர்ச் சாக்கடையும் பட்டறைத் தண்ணியும்தான். கலந்து நீர்க்கறதுக்கு எதுவும் கிடையாது. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர்க் குளம்னு வரிசையா இருக்கற குளங்க அந்தத் தண்ணியைத் தேக்கி வெச்சு வண்டலைப் படிய விடுது. ஆத்துல வர்ற உலோகம் துகளோட ஒட்டித்தான் பெரும்பாலும் வருது. தண்ணி அசையாம நின்ன இடத்துல அது அடியில எறங்கிடும். அதனால குளத்துத் தண்ணி சுத்தமாத் தெரியும், சேறு அப்படி இருக்காது.

திருப்பூருக்குக் கீழ கதை வேறங்க. அங்க பெரும் பிரச்சனை உப்பு. சாயப்பட்டறையில போடற சோடியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும். 1992-ல கட்டி முடிச்ச ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குன்னு கட்டினது, சாயக்கழிவுக் குட்டையா மாறிடுச்சு. 2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னதுக்கு அப்புறம்தான் கழிவுத் தண்ணியை வெளியவே விடாத பூஜ்ஜியக் கழிவு முறை கண்டிப்பா நடைமுறைக்கு வந்துச்சு. சாயத்துலயும் உலோகம் உண்டுங்க. டர்க்காய்ஸ் நீலம் மாதிரி சில சாயத்தோட மூலக்கூறுக்குள்ளயே செம்பு இருக்குது, சிலதுல குரோமியம். ஆனா குரோமியம்-6, நிக்கல், துத்தநாகம்னு தேடறவங்க முதல்ல பாக்க வேண்டியது பிளேட்டிங் (உலோக முலாம் பூசற) பட்டறைத் தண்ணி வர்ற ஓடையைத்தான்.

#4 செவுள்

ஆய்வுமேசை சொன்ன எண்கள் சரி. ஆனா செம்பு 40 இருக்குன்னு சொல்லி அந்தக் குளத்தை உடனே கழிச்சுக் கட்ட முடியாதுங்க.

ஒண்ணு, அந்த வரம்பு கரைஞ்ச உலோகத்துக்கு. ரிப்போர்ட்டுல இருக்கறது வடிகட்டாத மொத்த அளவுன்னா சேத்துத் துகள்ல ஒட்டினதும் சேந்து வந்திருக்கும். ரெண்டு, மீனைத் தாக்கறது எதோடயும் சேராமத் தனியா மிதக்கற உலோக அயனி. சாக்கடை கலந்த குளத்துல கரைஞ்ச கரிமப் பொருள் ஏராளம், அது செம்பைப் பிடிச்சு வெச்சுக்கும். இதனாலதான் அமெரிக்காவுலயே 2007-ல செம்புக்கு வெறும் கடினத்தன்மைக் கணக்கை விட்டுட்டு, பிஹெச், கரிமம், சோடியம், கால்சியம் எல்லாம் சேத்துப் போடற முறைக்கு வந்தாங்க. மூணு, அந்த வரம்பு தண்ணித்தெள்ளு மாதிரி ரொம்ப மென்மையான உயிரையும் காப்பாத்தறதுக்காகப் போட்டது. வளந்த ரோகு அதைவிடத் தாங்கும். ஆனா ரோகுக் குஞ்சு தின்னு வளர்றது அந்தத் தெள்ளையும் மிதவை உயிரியையும்தான்கறதையும் மறக்கக் கூடாது.

கடினத்தன்மை ஏன் காப்பாத்துதுன்னா, காட்மியம், துத்தநாகம், ஈயம் மூணும் செவுள்ல கால்சியம் போற வழியாவே உள்ள நுழையுது. தண்ணியில கால்சியம் நெறைய இருந்தா அந்த வழியில போட்டி அதிகம், உலோகம் கம்மியா நுழையும். நம்ம பக்கத்துத் தண்ணி கடினத் தண்ணி, அது மீனுக்கு ஒரு கவசம். அந்தக் கவசம் மழை வந்தா விலகிடும். மேல்நொய்யலுக்கு ஆடியிலயும், நகரத்துக்கு ஐப்பசியிலயும் முதல் வெள்ளம் வர்றப்ப, ரோட்டுத் தூசி, பட்டறை வாசல் மண், சாக்கடை அடிச்சேறுன்னு அத்தனை உலோகமும் ஒரே நாள்ல வந்து சேரும். அதே நாள்ல கடினத்தன்மை 300-ல இருந்து 60-க்குக் கூட எறங்கலாம். 60-க்குச் செம்பு வரம்பு 6 மைக்ரோகிராம் கூட வராது. சித்திரை மாசத்துல எடுத்த ரிப்போர்ட்டு ஐப்பசிக்குச் செல்லாதுங்க.

#5 குளத்தங்கரை

நெம்ப நன்றிங்க. அப்ப மீன் செத்து மிதக்கறப்ப எல்லாரும் "கெமிக்கல் உட்டுட்டாங்க"ன்னு சொல்றாங்களே, அது உலோகம்தானுங்களா?

#6 செவுள்

பெரும்பாலும் இல்லைங்க. ஆக்சிஜன் பற்றாக்குறையும் அம்மோனியாவும்தான் நம்ம குளங்கள்ல கூட்டமாக் கொல்றது. அடையாளம் பாக்க வழி இருக்குது.

ஆக்சிஜன் போனா விடியறதுக்கு முந்தி மீன் மேல வந்து வாயைப் பொளந்துட்டு நிக்கும், வெயில் ஏறினதும் மிச்சம் இருக்கறது தேறிக்கும். பெரிய மீன் முதல்ல சாகும். கரைஞ்ச நஞ்சுன்னா நேரம் காலம் கிடையாது, குஞ்சும் சின்ன மீனும் முதல்ல சாகும், மதியத்துலயும் மீன் தாறுமாறா நீந்தும், தலைகீழாச் சுத்தும். செத்த மீன் எல்லாம் ஒரே இனமா, எல்லா இனமும் கலந்தான்னு பாருங்க. ஜிலேபி மீன் (திலாப்பியா) மட்டும் துள்ளிட்டுத் திரிஞ்சு, கட்லாவும் ரோகுவும் செத்துக் கிடந்தா அது ஜிலேபியோட தாங்கற சக்தியைக் காட்டுது. தண்ணி நல்லா இருக்குன்னு அர்த்தமில்லை.

செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்க. நல்ல செவுள் ரத்தச் சிவப்பா, சீப்புப் பல்லு மாதிரி தனித்தனியா நிக்கும். உலோகம் கூடுதலாப் பட்டதுல முதல்ல சளி பூத்து வெளிறி, இழைங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். நுண்ணோக்கியில பாத்தா மேல்தோல் திசுவிலிருந்து தூக்கிட்டு நிக்கும், பக்கத்து இழைகளுக்கு நடுவுல செல்லு பெருகி இடைவெளியே அடைஞ்சிருக்கும். தண்ணியில ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சு முட்டறது இதனாலதான். ஒண்ணு சொல்லிடறேன், அம்மோனியாவும் ஒட்டுண்ணியும் கூட இதே மாதிரி செவுளைக் கெடுக்கும். அதனால செவுளை மட்டும் பாத்துத் தீர்ப்பு எழுதக் கூடாதுங்க.

உடம்புக்குள்ள ஒவ்வொரு உலோகமும் செய்யறது வேற வேற:

செம்பு, சோடியத்தை உள்ள இழுக்கற நொதியை முடக்கும், ரத்தத்துல உப்பு எறங்கிப் போயி மீன் சாகும். அதுக்கு ரொம்பக் கீழான அளவுலயே மோப்ப நரம்பு மழுங்கிடும். பக்கத்து மீன் தோல் கிழிஞ்சு வெளிவர்ற எச்சரிக்கை வாசத்தைக் கண்டு ஒதுங்கறது நின்னு போயிடும், விராலுக்கு வேட்டை சுலபம்.

காட்மியமும் துத்தநாகமும் கால்சியத்தைத் தடுக்கும். காட்மியம் ஈரல், சிறுநீரகத்துல போயி உக்காந்துக்கும். அங்க மெட்டலோதயோனின்கற புரதம் அதைக் கட்டி வெக்குது. அந்தப் புரதத்தை உண்டாக்கறதுக்கே மீன் தன் தீனியில ஒரு பங்கைச் செலவு பண்ணணும், வளர்ச்சி அதுல அடிபடும்.

ஈயம், ரத்தச் சிவப்பணு உருவாகத் தேவையான ஒரு நொதியைக் கட்டிப்போடும். ரத்தசோகை, அப்புறம் வால் பக்கம் கருத்துப் போறது, முதுகெலும்பு வளையறது. வளைஞ்ச குஞ்சைப் பாத்ததும் ஈயம்னு சொல்லிடாதீங்க, வைட்டமின்-சி குறைஞ்சாலும் வளையும்.

குரோமியம்-6 தான் எனக்கு நம்ம பக்கம் பெரிய கவலை. அது குரோமேட்டா, சல்பேட் போற வழியிலயே செல்லுக்குள்ள போயிடும். கால்சியம் எவ்வளவு இருந்தாலும் தடுக்காது, கடினத் தண்ணிக் கவசம் இதுகிட்டச் செல்லாது. உள்ள போயி மூணிணைதிறனா (குரோமியம்-3) மாறறப்ப மரபணுவையே கிழிக்கும். இதைச் சிக்கனமாக் கண்டுபிடிக்க நுண்கரு சோதனை இருக்குதுங்க. வால் நரம்புல இருந்து ஒரு சொட்டு ரத்தம், கண்ணாடித் தகட்டுல இழுத்துக் காய வெச்சு, மெத்தனால்ல 10 நிமிஷம், 5 சதவீத ஜீம்சா சாயத்துல 20-30 நிமிஷம். மீனோட சிவப்பணுவுக்குக் கரு உண்டுங்கறதால, பெரிய கருவுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு உருண்டை தனியா நிக்கறது 1000 மடங்குல தெரியும். ஒரு மீனுக்கு 2000 செல்லாவது எண்ணணும். சித்திரைச்சாவடி அணைக்கட்டுக்கு மேல, இல்ல ஆழியாறு அணையில பிடிச்ச அதே இன மீனோட ஒப்பிடணும். ஒப்பீடு இல்லாத எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

இத்தனைக்கும் மேல நோய் எதிர்ப்பு எறங்கிடும். ஏரோமோனாஸ்கற பாக்டீரியாவால புண்ணு வந்து மீன் சாகும், பாக்கறவங்க "நோய்"னு மருந்து போடுவாங்க.

#7 பண்ணைக்குட்டை

ஆத்தையும் பட்டறையையும் சொல்றீங்க, தோட்டத்துக் குட்டையில நாமளே கொட்டறதையும் சொல்லோணுமுங்க. பாசி புடிச்சா மயில்துத்தம் (காப்பர் சல்பேட்). பயிருக்கு அடிக்கற போர்டோ கலவைக்கு வாங்கினது மிச்சம் இருக்கும், ரெண்டு கை அள்ளி வீசறது. அதுக்குக் கணக்கு உண்டுங்க. தண்ணியோட காரத்தன்மையை 100-ஆல வகுத்தா வர்ற எண்தான் லிட்டருக்கு மில்லிகிராம் மயில்துத்தம். காரத்தன்மை 200-ன்னா 2. ஒரு ஏக்கர் குட்டை, சராசரி ஒண்ணரை மீட்டர் ஆழம்னா 6000 கனமீட்டர், அப்ப 12 கிலோ. காரத்தன்மை 50-க்குக் கீழ இருந்தா தொடவே வேண்டாம், மழைத்தண்ணி ரொம்பின குட்டையில அது அப்படித்தான் இருக்கும். சாக்குப்பையில கட்டிக் கரைய விட்டு இழுக்கோணும், கட்டியாக் கொட்டினா அந்த எடத்து மீனு போச்சு. வெயில் காலத்துல ஒரே நாள்ல முழுக்கக் குட்டைக்கும் போட்டா, செத்த பாசி அழுகி ஆக்சிஜனைத் தின்னுடும்.

இன்னொண்ணு கோழி எரு. நாமக்கல்ல இருந்து லாரி லாரியா வருது. கோழித் தீவனத்துல துத்தநாகமும் செம்பும் சேக்கறாங்க, அதுல பெரும்பங்கு எருவுலதான் வந்து விழுகுது. வருசா வருசம் குட்டையில போட்டா அடிச்சேத்துல ஏறிட்டே போகும்.

#8 ஆய்வுமேசை

பண்ணைக்குட்டை சொன்ன கணக்கு சரி. அதன் தொடர்ச்சியையும் போட்டுவிடுகிறேன். மயில்துத்தத்தில் கால்பங்குக்குச் சற்று மேல் (25.5 சதவீதம்) செம்பு. 12 கிலோவில் 3 கிலோ செம்பு. கடினத் தண்ணீரில் அது சில நாளில் சேற்றில் இறங்கிவிடும். மேல் 5 செ.மீ. சேற்றில் தங்குகிறது, அந்தச் சேறு உலர் எடையில் 160 டன் என்று வைத்தால், ஒரு தடவைக்குக் கிலோவுக்குச் சுமார் 19 மி.கி. கூடும். வண்டலில் செம்பு 31.6 மி.கி./கி.கி.-க்குக் கீழ் இருந்தால் அடிவாழ் உயிர்களுக்குப் பாதிப்பு எதிர்பார்ப்பதில்லை, 149-ஐத் தாண்டினால் பாதிப்பு பெரும்பாலும் இருக்கும் என்பது பரவலாகப் பயன்படும் அளவுகோல். வருடம் இரண்டு தடவை போட்டால் நான்கு வருடத்தில் எங்கே நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற உலோகங்களுக்கு அந்த மேல் எல்லை: ஈயம் 128, துத்தநாகம் 459, காட்மியம் 4.98, குரோமியம் 111, நிக்கல் 48.6. குரோமியத்திலும் நிக்கலிலும் ஒரு எச்சரிக்கை. சேலம் மேக்னசைட் பாறைப் பகுதியிலும், குரோமைட் அடுக்கு உள்ள நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டிப் பகுதியிலும் மண்ணிலேயே இவை இயற்கையாக அதிகம். அங்கே 111-ஐத் தாண்டியதும் ஆலையைக் குற்றம் சொல்ல முடியாது.

#9 பட்டறைக்காரன்

பிளேட்டிங் பட்டறைக்காரன் பக்கத்துல இருந்து சொல்றேனுங்க. குரோமியம்-6 வெளிய போறதுக்குப் பெரும்பாலும் காரணம் சுத்திகரிப்பே இல்லாததல்ல, பாதியில விட்டுட்டுப் பண்றது.

குரோம் கழுவின தண்ணி மஞ்சளா இருக்கும். அதுல முதல்ல சல்ஃபியூரிக் அமிலம் விட்டுப் பிஹெச் 2.5-க்குக் கொண்டு வரணும். அப்புறம் சோடியம் மெட்டாபைசல்ஃபைட், ஒரு கிராம் குரோமியத்துக்குச் சுமார் 3 கிராம். கலக்கிட்டு 20-30 நிமிஷம் விட்டா மஞ்சள் போயிப் பச்சையாகும். அதுக்கு மேலதான் சுண்ணாம்பு விட்டு 8.5-க்கு ஏத்தணும், குரோமியம் ஹைட்ராக்சைடாக் கட்டி எறங்கும்.

தப்பு எங்கன்னா, அமிலத்துக்குச் செலவுன்னு அந்தப் படியைத் தாண்டி நேரா மெட்டாபைசல்ஃபைட் போடறது. பிஹெச் 3-க்கு மேல போச்சுன்னா வினை நெம்ப மெதுவா நடக்கும், மேல போகப் போக நடக்கவே நடக்காத மாதிரி ஆயிடும். இல்லாட்டி வெறும் சுண்ணாம்பை மட்டும் கொட்டறது. குரோமேட் சுண்ணாம்புக்குப் படியாது, மத்த உலோகம் எறங்கித் தொட்டியில சேறு கட்டறதைப் பாத்துட்டுச் சரியாயிடுச்சுன்னு விட்டுடுவாங்க, மேல நிக்கற தண்ணி இன்னும் மஞ்சளா இருக்கும். அடுத்தது, எல்லாத் தண்ணியையும் ஒரே தொட்டியில விடறது. நிக்கல் நல்லா எறங்கப் பிஹெச் 10 வேணும், அந்த அளவுல குரோமியம் திரும்பக் கரைய ஆரம்பிக்கும். ரெண்டையும் தனித்தனியாத்தான் பண்ணணும். சயனைடு குளியல் தண்ணியை அமிலத் தொட்டிப் பக்கமே கொண்டு போகக் கூடாது, ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பினா ஆள் தங்காது.

மஞ்சள் இல்லைன்னு கண்ணால பாத்துத் திறந்து விடாதீங்க. 1 மி.கி. இருந்தாலே கண்ணுக்குச் சரியாத் தெரியாது, வரம்பு 0.1. டைஃபீனைல் கார்பசைடு போட்டா ஊதா நிறம் வரும், சின்னச் சோதனைப் பெட்டியாவே கிடைக்குது.

#10 அமராவதி

மீனையே சோதனைக்குக் கொடுக்கறதா இருந்தா எப்படி எடுக்கணும்? ஒரு மீனை ஐஸ்ல போட்டு அனுப்பினாப் போதுங்களா?

#11 ஆய்வுமேசை

ஒரு மீன் போதாது. ஒரே இனம், ஒரே அளவு, குறைந்தது 5 மீன். ஒரு கிலோ மீனையும் கால்கிலோ மீனையும் கலக்காதீர்கள், பாதரசம் வயதோடு ஏறும். மேலே மேயும் கட்லா, அடியில் மேயும் மிர்கால், வேட்டையாடும் விரால் என்று மூன்று வகை எடுத்தால் உலோகம் எந்த வழியாக வருகிறது என்பதும் தெரியும். மிர்காலில் மட்டும் ஈயமும் குரோமியமும் கூடியிருந்தால் சேற்றிலிருந்து ஏறுகிறது. விராலில் பாதரசம் கூடியிருந்தால் அது மெத்தில் பாதரசமாக உணவுச் சங்கிலியில் ஏறி வருவது.

வீச்சு வலையின் ஈயக்குண்டு மீன் தோலில் உரசியிருக்கும். பிடித்த உடனே குளத்துத் தண்ணீரில் ஒரு தடவை, பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு தடவை கழுவி, தனித்தனி பாலித்தீன் பையில் ஐஸில் வையுங்கள். நீளமும் எடையும் அப்போதே குறியுங்கள். எடையை (கிராம்) 100-ஆல் பெருக்கி, நீளத்தின் (செ.மீ.) மும்மடியால் வகுத்தால் உடல்நிலைக் குறியீடு. 30 செ.மீ. ரோகு 320 கிராம் இருந்தால் 1.19. அதே பருவத்தில் வேறு நல்ல நீர்நிலை ரோகுவோடு ஒப்பிடலாம். பட்டினி கிடந்தாலும் சினை கழிந்தாலும் இது இறங்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

சதையை முதுகுத் துடுப்புக்குக் கீழ், பக்கக் கோட்டுக்கு மேல், தோல் இல்லாமல் எடுக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகுக் கத்தியிலேயே குரோமியமும் நிக்கலும் உண்டு. பீங்கான் கத்தி நல்லது. ஈரல், செவுள், சிறுநீரகம் தனித்தனிக் குப்பியில். ஆய்வுக்கூடத்தில் -20 டிகிரி.

ரிப்போர்ட் வந்ததும் பலரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. முடிவு உலர் எடைக்கா, ஈர எடைக்கா? உணவு வரம்பு ஈர எடைக்கு. மீன் சதையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். உலர் எடையில் ஈயம் 0.9 என்று வந்து, ஈரப்பதம் 78 சதவீதம் என்றால், ஈர எடையில் 0.9 × 0.22, அதாவது 0.2 மி.கி./கி.கி. மீனுக்கு ஈய வரம்பு 0.3. 0.9-ஐ அப்படியே 0.3-ஓடு ஒப்பிட்டு "மூன்று மடங்கு" என்று செய்தி போடுவது ஒரு குளத்து மீனவர்களின் பிழைப்பையே அழித்துவிடும். ஆய்வுக்கட்டுரை எண்களை எடுத்துப் பகிர்கிறவர்களும் தயவுசெய்து இதைப் பாருங்கள்.

தண்ணீர் மாதிரிக்கு: 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பிளாஸ்டிக் பாட்டில். 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, பிறகு தூய நைட்ரிக் அமிலம் விட்டுப் பிஹெச் 2-க்குக் கீழ் கொண்டுவர வேண்டும். லிட்டருக்கு 2 மி.லி. பொதுவாகப் போதும், நம் பக்கத்துக் காரத் தண்ணீருக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். அமிலம் விட்டபின் வடிகட்டினால் துகளில் இருந்ததெல்லாம் கரைந்து வந்துவிடும், எண் பொய்யாகும். குரோமியம்-6 பாட்டிலில் மட்டும் அமிலம் கூடவே கூடாது. அமிலத்தில் அது குரோமியம்-3 ஆகி, "இல்லை" என்று ரிப்போர்ட் வரும். தனிப் பாட்டில், 4 டிகிரி, 24 மணி நேரத்துக்குள் சோதனை.

#12 அமராவதி

வீட்ல சமைக்கறவங்களுக்கு என்ன சொல்றது? நல்லா வேக வெச்சாப் போயிடும்னு சொல்றாங்க. நல்ல தண்ணித் தொட்டியில ஒரு வாரம் விட்டு எடுத்தாச் சுத்தமாயிடும்னும் சொல்றாங்க.

#13 செவுள்

ரெண்டும் தப்புங்க. உலோகம் வெந்தாலும் வறுத்தாலும் அழியாது. நல்ல தண்ணியில ஒரு வாரம் விட்டா மண் வாடை போகும், செவுள்ல ஒட்டினதுல கொஞ்சம் கழியும். சிறுநீரகத்துக் காட்மியமும் எலும்புக்குள்ள போன ஈயமும் மாசக்கணக்குல அசையாது, மெத்தில் பாதரசமும் அப்படித்தான்.

ஆனா அறுக்கறப்பச் செய்யக்கூடியது உண்டு. பெரும்பாலான உலோகம் சதையில கம்மி, செவுள், ஈரல், குடல், சிறுநீரகத்துலதான் அதிகம். தலைக்கறி வெக்கறவங்க செவுளை முழுக்கப் பிடுங்கிடுங்க. வயித்தைக் கழிச்சதும் நடுமுள்ளை ஒட்டி உள்பக்கம் கருஞ்சிவப்பா ஒரு பட்டை இருக்கும், ரத்தம்னு நெனச்சு பாதி பேரு விட்டுடுவாங்க. அதுதான் சிறுநீரகம். மேல இருக்கற ஜவ்வைக் கத்தி நுனியால கீறி, விரல் நகத்தால சுரண்டித் தண்ணி விட்டுக் கழுவினா வந்துடும். முழுசாத் திங்கற பொடி மீனுல இதெல்லாம் பண்ண முடியாது, அதனால சாக்கடை கலக்கற குளத்துப் பொடி மீனைத் தவிர்க்கறது நல்லது. மெத்தில் பாதரசத்துக்கு மட்டும் இந்த வழி உதவாது, அது சதையிலயேதான் இருக்கும். மாசமா இருக்கறவங்களும் சின்னக் குழந்தைகளும் அப்படிப்பட்ட குளத்துப் பெரிய விராலைச் சாப்பிடாம இருக்கறது பாதுகாப்பு.

#14 நொய்யல்வாசி

ஆகாயத்தாமரையைப் பத்தி யாரும் சொல்லலையேங்க. அது உலோகத்தை உறிஞ்சும்கறது நெசம், வேர்லதான் அதிகம் சேரும். ஆனா அள்ளிக் கரையிலயே குவிச்சு வெச்சா அழுகி அடுத்த மழையில திரும்பக் குளத்துக்கே வருது. வேரோட அள்ளி வெளிய கொண்டு போனாத்தான் பிரயோஜனம். மாட்டுக்குப் போடறதும் மண்புழு உரம் பண்றதும் வேண்டாம்.

தூர் வாரறதுலயும் கவனம் வேணும். சேறு தண்ணிக்கடியில காத்துப் படாம இருக்கற வரைக்கும் உலோகம் சல்ஃபைடாக் கட்டுப்பட்டுக் கிடக்குது. குளம் வத்தி வெடிச்சுக் காத்துப் பட்டா அந்தக் கட்டு அவுந்துடும், அடுத்து ரொம்பற தண்ணியில கரையும். வத்தின குளம் ரொம்பின உடனே குஞ்சு விடாதீங்க, ஒரு மாசம் தண்ணி நிக்கட்டும். குளத்து வண்டலைத் தோட்டத்துக்கு அடிக்கறவங்க காட்மியம், ஈயம் பாக்காம கீரைப் பாத்திக்குப் போடாதீங்க. கீரை காட்மியத்தை நல்லா இழுக்கும்.

#15 குளத்தங்கரை

எல்லாருக்கும் நன்றிங்க. கையில கொஞ்சம் காசுதான் இருக்குதுன்னா, குத்தகைக்கு முந்தி எதை முதல்ல சோதிக்கறது?

#16 ஆய்வுமேசை

தண்ணீருக்கு முன் சேறு. நுழைவாய், நடு, கலுங்கு (உபரித் தண்ணீர் வெளியேறும் இடம்) ஓரம் என்று மூன்று இடத்தில், மேல் 5 செ.மீ. சேற்றைப் பிளாஸ்டிக் கரண்டியால் எடுங்கள். 63 மைக்ரான் சல்லடையில் இறங்கும் நுண்துகளில் ஈயம், காட்மியம், குரோமியம், செம்பு, துத்தநாகம், நிக்கல் பார்க்கச் சொல்லுங்கள். நுழைவாயில் அதிகமாகவும் கலுங்கில் குறைவாகவும் இருந்தால் ஓடை வழியாக இன்னும் வந்துகொண்டிருக்கிறது. மூன்றும் ஒரே மாதிரி என்றால் பழைய சேர்க்கையாகவோ மண்ணின் இயல்பாகவோ இருக்கலாம், அருகில் ஓடை வராத ஒரு குட்டையின் சேற்றோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து, குளத்தில் ஏற்கெனவே இருக்கும் ஜிலேபி 5 பிடித்து ஈரலை மட்டும் கொடுங்கள். சதையில் தெரியாதது அங்கே தெரியும். காசு மிஞ்சினால்தான் தண்ணீர், அதையும் ஐப்பசி முதல் வெள்ளம் வந்த இரண்டு நாளுக்குள் எடுங்கள். அன்றைக்கே கடினத்தன்மையும் பார்க்கச் சொல்லுங்கள்.

#17 செவுள்

குரோமியம்-6 பாட்டில் ஒண்ணு கூட எடுத்துக்கோங்க, மேல பிளேட்டிங் பட்டறை இருந்தா. அமிலம் இல்லாத பாட்டில்.